காரணம் புரியாத சோர்வு: இளம் வயதினர் என்ன செய்யலாம், எந்த வரிசையில் செய்யலாம்

இருபதைத் தாண்டிய ஒருவர் இரவு முழுக்கத் தூங்கி எழுந்த பிறகும் உடல் கனத்து, மாடிப்படி ஏறத் தயங்கி, மாலையானதும் பேசக்கூடத் தெம்பில்லாமல் படுத்துவிடுகிறார் என்றால், நம் வீடுகளில் அதற்கு முதலில் கிடைக்கும் விளக்கம் சோம்பேறித்தனம் என்பதுதான். அடுத்தது மொபைல் போன். "என்ன மக்கா, எப்பப் பாத்தாலும் படுத்தே கெடக்க?" என்று அன்போடு கேட்கும் வீட்டிலும் அந்தக் கேள்வி கேட்பவரைவிடப் படுத்திருப்பவருக்குத்தான் அதிகம் வலிக்கிறது. சில வாரங்களுக்கு மேல் நீடிக்கும் இத்தகைய சோர்வில் செய்ய வேண்டிய வேலைகள் இரண்டு. ஒன்று, காரணத்தை முறையாகத் தேடுவது. மற்றொன்று, காரணம் தெரியும் வரை இருக்கிற தெம்பைப் பார்த்துச் செலவிடுவது. இரண்டையும் ஒரே நாளில் தொடங்கிவிட வேண்டும். காரணம் தெரிந்த பிறகு ஓய்வெடுக்கலாம் என்று உடலை வதைப்பவர்களும் நலிந்துபோகிறார்கள். ஓய்வெடுத்தால் போதும் என்று பரிசோதனையைத் தள்ளிப்போடுபவர்கள், மாத்திரையால் சரியாகக்கூடிய குறைபாட்டோடு ஆண்டுகளைக் கழிக்கிறார்கள்.

சில அறிகுறிகள் இருந்தால் இந்தக் கட்டுரையைப் படித்து முடிக்கக் காத்திருக்க வேண்டாம். நெஞ்சுவலி, படுத்திருக்கும்போதே மூச்சுத்திணறல், மயங்கி விழுதல், தார் போலக் கறுத்த மலம், உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஆகியவை அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டியவை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, காரணமில்லாத எடைக்குறைவு ஆகியவை இருந்தால் காசநோய்க்கான சளிப் பரிசோதனையை உடனே செய்துகொள்ள வேண்டும். அரசு மருத்துவமனைகளில் அதற்குக் கட்டணம் இல்லை.

முதலில் ஒரு நோட்டு

மருத்துவரிடம் போகும் முன் இரண்டு வாரம் ஒரு சிறு நோட்டில் எழுதி வாருங்கள். வெறுமனே "சோர்வு" என்று எழுதுவதால் பயனில்லை. எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், எழும்போது எப்படி இருந்தது, அன்று வழக்கத்துக்கு மேல் செய்த வேலை என்ன, எத்தனை சாயா குடித்தீர்கள், என்ன மருந்து சாப்பிட்டீர்கள், பெண்களானால் மாதவிடாய் நாள் எது என்பவற்றை ஒன்றிரண்டு வரிகளில் குறித்தால் போதும். ஒரு நாள் பதிவு இப்படி இருக்கலாம்: "செவ்வாய். இரவு 12.40-க்குப் படுத்து 5 மணிக்கு எழுந்தேன். இரணியலில் ரயில் ஏறி திருவனந்தபுரம் வரை நின்றுகொண்டே பயணம். மதியம் வரை பரவாயில்லை. மாலை தலை பாரம், கால் வலி. நேற்று முன்தினம் சித்தி வீட்டுக் கல்யாணத்தில் பரிமாறினேன்." கடைசி வரியை எழுத மறக்காதீர்கள். அது ஏன் முக்கியம் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

பல பேருக்கு இந்த நோட்டே விடை தந்துவிடுகிறது. விடியும் முன்பே ரப்பர் பால் வெட்டப் போகிறவர், இரவெல்லாம் கடலில் இருந்துவிட்டு வருகிறவர், அமெரிக்க நேரத்துக்கு வேலை பார்க்கும் கணினிப் பணியாளர் ஆகியோர் எழுதிப் பார்த்தால், ஒரு நாளுக்கு நான்கு, ஐந்து மணி நேரத் தூக்கமே தேறும். வயது வந்தவர்களுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும். மாலை ஆறு மணிக்குக் குடித்த கட்டன் சாயாவிலுள்ள காஃபினில் ஏறத்தாழப் பாதி இரவு பதினொரு மணிக்கும் உடலில் இருக்கும் என்பதால், மதியம் இரண்டு மணிக்குப் பிறகு சாயாவையும் காப்பியையும் நிறுத்திப் பாருங்கள். இரண்டு வாரம் முழுத் தூக்கம் தூங்கியும் மாற்றமில்லை என்றால்தான் இதைக் காரணம் புரியாத சோர்வு என்று கொள்ள வேண்டும். பலத்த குறட்டை விடுபவர்கள் ஒல்லியாக இருந்தாலும் அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தூக்கத்தில் மூச்சு தடைபடுவது பருமனானவர்களுக்கு மட்டும் வருவதில்லை.

எந்தப் பரிசோதனைகள்

பெரிய பெரிய "முழு உடல் பரிசோதனை" தொகுப்புகளில் பணத்தைக் கொட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, நம் குமரி மாவட்டத்தில் என்றால் தக்கலை அரசு மருத்துவமனையிலோ, ஆசாரிபள்ளத்திலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ பொது மருத்துவரைப் பார்த்து, நோட்டைக் காட்டி, "டாக்டர், மூணு மாசமா இப்படி இருக்கு, முன்னால செஞ்ச இன்ன வேலையை இப்போ செய்ய முடியல" என்று திட்டமாகச் சொல்லுங்கள். முழு ரத்த அணுக்கள் எண்ணிக்கை, ஃபெரிட்டின், தைராய்டுக்கான டிஎஸ்ஹெச், வெறும் வயிற்றுச் சர்க்கரை, பி12, வைட்டமின் டி, சிறுநீரகம், கல்லீரல், சிறுநீர், அழற்சியைக் காட்டும் இஎஸ்ஆர் அல்லது சிஆர்பி ஆகியவையே பெரும்பாலும் முதல் கட்டத்துக்குப் போதும். எது வேண்டும், எது வேண்டாம் என்பதை உங்களைப் பரிசோதித்த மருத்துவரே முடிவு செய்வார்.

இவற்றில் நான் அதிகம் வலியுறுத்துவது இரும்புச்சத்தைத்தான். ஹீமோகுளோபின் பெண்களுக்கு டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் கீழும், ஆண்களுக்கு 13 கிராமுக்குக் கீழும் இருந்தால் ரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். அண்டி ஆபீஸில் (முந்திரிக்கொட்டைத் தொழிற்சாலையில்) நாள் முழுக்க வேலை செய்யும் பெண்ணுக்கு 12.2 என்று அறிக்கை வந்தால் "நார்மல்" என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். ஆனால் ஹீமோகுளோபின் குறையும் முன்பே உடலின் இரும்புச் சேமிப்பு கரைந்திருக்கக்கூடும். அதைக் காட்டுவது ஃபெரிட்டின். அது மில்லிலிட்டருக்கு 15 நானோகிராமுக்குக் கீழே போனால் குறைபாடு உறுதி. 30-க்குக் கீழே இருந்தாலே பல மருத்துவர்கள் சிகிச்சையைத் தொடங்குவார்கள். எனவே ஃபெரிட்டின் பார்க்கவில்லை என்றால் பார்க்கலாமா என்று தயங்காமல் கேளுங்கள்.

குறைபாடு இருக்கிறது என்று தெரிந்தபின் ரத்தம் எங்கே போகிறது என்பதையும் கேட்க வேண்டும். ஏழு நாளுக்கு மேல் நீளும் மாதவிடாய், ஒரு மணி, இரண்டு மணிக்கொரு முறை நாப்கின் மாற்ற வேண்டிய நிலை, பெரிய ரத்தக்கட்டிகள் ஆகியவை சாதாரணம் அல்ல. அம்மாவுக்கும் அப்படித்தான் இருந்தது என்பதால் அது சாதாரணமாகிவிடாது. ஈர மண்ணில் செருப்பில்லாமல் நடப்பவர்களுக்குக் கொக்கிப்புழு காரணமாக இருக்கலாம். ரத்த அணுக்களின் அளவைக் குறிக்கும் எம்சிவி குறைவாக இருந்து ஃபெரிட்டின் சரியாக இருந்தால், அது பரம்பரையாக வரும் ரத்தக் கோளாறான தலசீமியாவின் கூறாக இருக்கக்கூடும். அவர்களுக்கு இரும்பு மாத்திரை பயன்படாது. பார்த்த மாத்திரத்தில் "ரத்தம் கம்மி" என்று கடையில் டானிக் வாங்குவது இதனால்தான் தவறு.

மருத்துவர் இரும்பு மாத்திரை எழுதிக்கொடுத்தால், சாயாவுக்கும் மாத்திரைக்கும் இடையே முன்னும் பின்னும் குறைந்தது ஒரு மணி நேர இடைவெளி விடுங்கள். சாயா இரும்பை உடலில் சேரவிடாது. எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொண்டால் நன்றாகச் சேரும். மலம் கறுத்துப்போவது மாத்திரையால் வரும் இயல்பான மாற்றம். மலச்சிக்கலோ வயிற்றுப் புரட்டலோ வந்தால் நிறுத்திவிடாமல், ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிடலாமா என்று கேளுங்கள்; அப்படிச் சாப்பிடும்போது ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் இரும்பு கூடுதலாகச் சேர்வதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஹீமோகுளோபின் மூன்று, நான்கு வாரத்தில் ஒன்று முதல் இரண்டு கிராம் ஏறும். ஏறியதும் நிறுத்திவிடுவதுதான் பலரும் செய்வது. சேமிப்பு நிரம்ப, அதன் பிறகும் ஏறத்தாழ மூன்று மாதம் தொடர வேண்டும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். குளிர் தாங்காமை, மலச்சிக்கல், முடி உதிர்தல், எடை கூடுதல் ஆகியவை சோர்வோடு சேர்ந்திருந்தால் தைராய்டு குறைபாடாக இருக்கலாம். மீனும் முட்டையும் பாலும் சேர்க்காதவர்களுக்கு பி12 குறையும். வைட்டமின் டி குறைவாக வந்தால் 60,000 யூனிட் மாத்திரையை மருத்துவர் சொன்ன வாரங்களுக்கு மட்டும் எடுக்க வேண்டும். மாதக்கணக்கில் தானாகத் தொடர்ந்தால் ரத்தத்தில் கால்சியம் கூடி ஆபத்தாகும். உணவில், மரச்சீனிக் கிழங்கும் கட்டன் சாயாவுமாக ஒரு வேளையை முடிப்பவர்கள் அதோடு சாளை (மத்தி) மீனைச் சேர்த்துக்கொண்டாலே புரதம், பி12, வைட்டமின் டி மூன்றும் கிடைக்கும். நம் மாவட்டத்தில் வைத்தியரிடம் லேகியமும் கஷாயமும் வாங்குவது வழக்கமானதால், அதை மருத்துவரிடம் மறைக்க வேண்டாம். அயச்செந்தூரம் இரும்பிலிருந்து செய்யப்படுவது என்பதால், இரும்பு மாத்திரையோடு அதையும் எடுக்கிறீர்கள் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மனச்சோர்வும் உடல் சோர்வாகத்தான் பலரிடம் முதலில் தெரிகிறது. முன்பு பிடித்தவற்றில் நாட்டம் போய், தூக்கமும் பசியும் மாறி, இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அதற்குச் சிகிச்சை உண்டு. 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். ஆனால், அறிக்கைகள் சரியாக இருக்கின்றன என்ற ஒரே காரணத்தால் "எல்லாம் மனசுதான்" என்று முடிவு கட்டுவதை ஏற்கத் தேவையில்லை. மனச்சோர்வையும் அதற்குரிய கேள்விகளைக் கேட்டுத்தான் கண்டறிய வேண்டும்.

அறிக்கைகள் சரி, சோர்வு போகவில்லை என்றால்

இங்கேதான் அந்த நோட்டின் கடைசி வரி உதவுகிறது. சிலருக்கு வேலை செய்யும்போது சமாளிக்க முடிகிறது. ஆனால் ஒரு நாள், இரண்டு நாள் கழித்து உடல் அப்படியே விழுந்துவிடுகிறது. கல்யாணத்தில் பரிமாறியது ஞாயிறு, எழுந்திருக்க முடியாமல் கிடந்தது செவ்வாய் என்று நோட்டில் திரும்பத் திரும்ப வந்தால், அதை மருத்துவரிடம் தனியாகச் சுட்டிக்காட்டுங்கள். உழைப்புக்குப் பின் வரும் இந்தத் தாமதமான சரிவு, நாள்பட்ட சோர்வு நோயின் முக்கிய அடையாளம். டெங்கு, கொரோனா போன்ற காய்ச்சலுக்குப் பின் தொடங்கிய சோர்விலும் இது வரலாம். இந்தச் சரிவோடு உறங்கியும் புத்துணர்ச்சி இல்லாமையும், சிந்தனை மந்தம் அல்லது நின்றால் படபடப்பு இவற்றில் ஒன்றாவதும் சேர்ந்து, முன்பு செய்த வேலைகளைச் செய்ய முடியாத நிலை ஆறு மாதம் நீடித்தால் இந்த நோய் என்று கொள்ளலாம் என்பது அமெரிக்காவில் 2015-இல் வகுக்கப்பட்ட வரையறை. இதை உறுதிசெய்ய ரத்தப் பரிசோதனை எதுவும் இதுவரை இல்லை.

இந்தச் சரிவு உள்ளவர்களும் இல்லாதவர்களும் செய்ய வேண்டியவை நேர் எதிரானவை. சரிவு இல்லாதவர்கள், அதாவது உட்கார்ந்தே இருந்து தளர்ந்தவர்களும் மனச்சோர்வில் இருப்பவர்களும், தினமும் பத்து நிமிடம் நடந்து, வாரந்தோறும் கொஞ்சம் கூட்டினால் தெம்பு திரும்பும். சரிவு உள்ளவர்களை அதே முறையில் நடக்கவைத்தால் நிலைமை மோசமாகும். பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2021 அக்டோபரில் வெளியிட்ட வழிகாட்டுதலில், படிப்படியாகக் கட்டாயம் கூட்டிக்கொண்டே போகும் உடற்பயிற்சியை இந்நோயாளிகளுக்குக் கொடுக்கக்கூடாது என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. எனவே "எழும்பி ஓடு, சரியாகும்" என்ற அறிவுரையை எடுத்துக்கொள்ளும் முன் நோட்டைப் பாருங்கள்.

சரிவு உள்ளவர்களுக்கான வழி, சித்திரை மாதக் கிணற்றில் ஊறுவதற்கு ஏற்ப இறைப்பதுதான். எந்த அளவு வேலை செய்தால் மறுநாளும் அதற்கடுத்த நாளும் விழாமல் இருக்கிறீர்கள் என்பதை நோட்டிலிருந்து கண்டுபிடித்து, அதற்குச் சற்றுக் கீழேயே நில்லுங்கள். நன்றாக இருக்கும் நாளில் விட்டதையெல்லாம் பிடிக்கப் பார்ப்பதுதான் அடுத்த வாரத்தைக் கெடுக்கிறது. காய்கறி நறுக்குவதை உட்கார்ந்து செய்யுங்கள். குளிப்பதற்கும் துணி துவைப்பதற்கும் ஒரே காலையை ஒதுக்காதீர்கள். களைப்பு வந்த பிறகு படுப்பதற்குப் பதில், வரும் முன்பே இருபது நிமிடம் கண்ணை மூடிப் படுங்கள். படிப்பும் கைப்பேசியும் வாக்குவாதமும்கூட உழைப்புதான் என்பதைக் கணக்கில் சேருங்கள். நின்றால் படபடக்கிறவர்கள் பத்து நிமிடம் படுத்து நாடித்துடிப்பை எண்ணி, பின் எழுந்து நின்று பத்து நிமிடத்துக்குள் மீண்டும் எண்ணிப் பாருங்கள், பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு; முப்பது துடிப்புக்கு மேல் கூடினால் அதற்குத் தனிச் சிகிச்சை உண்டு.

வீட்டில் சொல்வது எளிதல்ல. "எனக்கு முடியல" என்பது தினமும் கேட்டால் யாருக்கும் பழகிவிடும். அதைவிட, "அம்மா, இன்னைக்கு வீட்டைப் பெருக்கித் துடைச்சா நாளைக்கு வேலைக்குப் போக முடியாது, ரெண்டுல எதைச் செய்யட்டும்?" என்று கேட்டால், உங்கள் அளவு அவர்களுக்கும் புரியத் தொடங்கும். ஒருமுறை அவர்களையும் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். கல்லூரியிலோ அலுவலகத்திலோ வருகைப்பதிவு சிக்கலாகும் முன்பே மருத்துவச் சான்றைக் கொடுத்து, முதல் பாடவேளைக்குத் தாமதமாக வரவோ வாரத்தில் ஓரிரு நாள் வீட்டிலிருந்து வேலை செய்யவோ எழுத்தில் கேளுங்கள். விடுப்பு முழுக்கத் தீர்ந்த பிறகு கேட்பதைவிட இது பலன் தரும்.

அறிக்கைகள் எல்லாவற்றையும் தேதி வாரியாக ஒரே ஃபைலில் வையுங்கள். மூன்று மாதம் கழித்தும் மாற்றமில்லை என்றால் அதே மருத்துவரிடம் திரும்பப் போய், முதல் கட்டத்தில் பார்க்காதது என்ன என்று கேளுங்கள். மூட்டு வீக்கம், கழுத்தில் கட்டி, தொடர் காய்ச்சல், எடைக்குறைவு என்று புதிதாக ஏதேனும் தோன்றினால் மூன்று மாதம் வரை காத்திருக்காமல் அந்த வாரமே போங்கள்.