அழுத்த அலகுகளை மாற்றும் முறை: எண்ணைப் பெருக்கும் முன் மீட்டரைக் கவனியுங்கள்

காற்றழுத்தி (கம்ப்ரசர்) ஒன்றின் மீட்டர் பிஎஸ்ஐ, அதாவது சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அலகில் காட்டியது. கையேட்டில் எல்லா எண்களும் ‘பார்’ (bar) என்ற அலகில். நான் போட வேண்டிய வாயுக் கணக்குக்கோ பாஸ்கல் தேவைப்பட்டது. மூன்றையும் ஒன்றுசேர்த்த வழியை இங்கே எழுதி வைக்கிறேன். அழுத்தம் என்றால் என்ன என்பது தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: எந்த அலகாக இருந்தாலும் முதலில் கிலோபாஸ்கலுக்கு (1000 பாஸ்கல்) மாற்றுங்கள்.

1 பார் = 100
1 பிஎஸ்ஐ = 6.895
1 கிலோ/சதுர செ.மீ. = 98.07
1 வளிமண்டலம் = 101.325
1 மி.மீ. பாதரசம் = 0.1333
1 அங்குலப் பாதரசம் = 3.386

இந்த ஆறு எண்கள் போதும். அலகுக்கு அலகு நேராக மாற்றப் போனால் பதினைந்து இணைகளுக்கு எண் தேட வேண்டியிருக்கும். வானிலை அறிக்கையில் வரும் ஹெக்டோபாஸ்கலும் மில்லிபாரும் ஒன்றேதான்; பத்தால் வகுத்தால் கிலோபாஸ்கல். டார் என்று எழுதியிருந்தால் மி.மீ. பாதரசமாகவே எடுத்துக்கொள்ளலாம்.

படி 2: அங்கிருந்து வேண்டிய அலகின் எண்ணால் வகுங்கள். டயரில் 32 பிஎஸ்ஐ என்றால் 32 × 6.895 = 220.6 கிலோபாஸ்கல். 100ஆல் வகுத்தால் 2.21 பார். 98.07ஆல் வகுத்தால் 2.25 கிலோ/சதுர செ.மீ. கடைசி இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுபோல் தெரிவதால் பலர் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் போட்டுவிடுகிறார்கள். இடையே 2 சதவீத வித்தியாசம் உண்டு. டயருக்கு அது பரவாயில்லை, மீட்டரையே சரிபார்க்கும் வேலைக்கு ஆகாது.

படி 3: இங்கேதான் நிதானம் வேண்டும். மேலே வந்த 32 பிஎஸ்ஐ எதிலிருந்து அளந்தது? டயர் மீட்டர் சுற்றியுள்ள காற்றழுத்தத்தைப் பூஜ்ஜியமாக வைத்து அளக்கிறது. இது கேஜ் அழுத்தம். வெற்றிடத்தைப் பூஜ்ஜியமாக வைத்து அளந்தால் அது தனி அழுத்தம், அதாவது அப்சல்யூட். கடல்மட்டத்தில் அந்த டயரின் தனி அழுத்தம் 220.6 + 101.3 = 321.9 கிலோபாஸ்கல்.

வாயு விதிகள் அனைத்துக்கும் தனி அழுத்தம்தான் வேண்டும். கேஜில் 1 பார் காட்டும் காற்றை, வெப்பநிலை மாறாமல், பாதிக் கனஅளவுக்கு அமுக்குங்கள். கேஜ் 2 காட்டும் என்றுதான் தோன்றும். ஆனால் தனி அழுத்தம் 2.013 பாரிலிருந்து இரு மடங்காகி 4.026 ஆகிறது. 1.013ஐக் கழித்தால் கேஜில் 3.013 பார்! அலகு மாற்றத்தில் பிழையே இல்லாமல் விடை இவ்வளவு தள்ளிப் போகும்.

வெற்றிட மீட்டருக்கும் இதே வழிதான். மைனஸ் 25 அங்குலப் பாதரசம் என்றால் சுற்றியுள்ள காற்றைவிட 84.65 கிலோபாஸ்கல் குறைவு. கடல்மட்டத்தில் 101.325இலிருந்து அதைக் கழித்தால் உள்ளே மிச்சம் சுமார் 16.7. கூட்டும்போதும் கழிக்கும்போதும் இரண்டு எண்களும் ஒரே அலகில் இருக்க வேண்டும். அதனால்தான் இதை கிலோபாஸ்கலுக்கு வந்த பிறகு செய்யச் சொல்கிறேன்.

கருவி விஷயத்தில் என் ஓட்டு விரிதாளுக்கே. இணைய மாற்றிகள் பெருக்கலைச் சரியாகச் செய்கின்றன, ஆனால் கேஜா தனியா என்று கேட்பதில்லை. விரிதாளில் அதற்கென்று ஒரு நெடுவரிசை போட்டுவிட்டால் ஒவ்வொரு முறையும் பதில் எழுதியே ஆக வேண்டும்.

சேர்க்கை: இரண்டு இடங்களுக்கு இடையிலான அழுத்த வேறுபாட்டுக்கும் 101.3 கூட்ட வேண்டுமா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். வேண்டாம். கழிக்கும்போதே வளிமண்டலம் நீங்கிவிடுகிறது, வெறும் பெருக்கல் போதும். இரத்த அழுத்தமும் கேஜ் அளவே: 120 மி.மீ. பாதரசம் என்பது 16 கிலோபாஸ்கல்.

இன்னொரு சேர்க்கை: மலைப்பகுதியில் இருப்பவர்கள் 101.3ஐ அப்படியே கூட்டக்கூடாது. அங்கே காற்றழுத்தம் குறைவு. வானிலை அறிக்கை எண்ணையும் எடுக்காதீர்கள். அது வழக்கமாகக் கடல்மட்டத்துக்குத் திருத்தித் தரப்படுவது. அந்த இடத்திலேயே காற்றழுத்தமானி காட்டும், திருத்தாத அளவுதான் வேண்டும். பல கைபேசிகளில் அதற்கான உணரி இருக்கிறது.