மலக்குடல் புற்றுநோய்: கதிர்வீச்சுக்கு மாற்றாகக் கீமோதெரபி பொருந்துமா என்று மருத்துவரிடம் கேட்கும் முறை

மலக்குடல் புற்றுநோய் சற்று முற்றிய நிலையில் இருந்தால், அறுவை சிகிச்சைக்கு முன் ஐந்தரை வாரக் கதிர்வீச்சும் அதனுடன் கீமோதெரபி மருந்தும் தருவது நெடுநாள் வழக்கம். அமெரிக்கா, கனடா, சுவிட்சர்லாந்தில் 1,100-க்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பட்டு 2023-இல் வெளியான 'பிராஸ்பெக்ட்' ஆய்வு, இவர்களில் ஒரு சாராருக்குக் கீமோதெரபி மட்டுமே போதும் என்று காட்டியது. நீங்கள் அந்தச் சாராரில் சேர்வீர்களா என்பதே முதல் கேள்வி.

இதற்கு விடை இடுப்புப் பகுதி எம்.ஆர்.ஐ. அறிக்கையில் இருக்கிறது, அதைக் கையில் வைத்துக்கொண்டே பேசுங்கள். கட்டி டி3 நிலையிலோ (மலக்குடல் சுவரின் தசை அடுக்கைத் தாண்டியது), நிணநீர்க் கணுக்களுக்குப் பரவிய டி2 நிலையிலோ (கட்டி தசை அடுக்கு வரை மட்டும் சென்றது) இருக்க வேண்டும். ஆசனவாய்ச் சுருக்குத்தசையைக் காப்பாற்றி அகற்றக்கூடிய இடத்திலும் அமைந்திருக்க வேண்டும். டி4 கட்டி (குடலின் வெளிப்புற உறையையோ அருகிலுள்ள உறுப்புகளையோ ஊடுருவியது) உள்ளவர்கள் ஆய்வில் சேர்க்கப்படவே இல்லை. அவர்கள் இந்த ஆய்வைக் காட்டிக் கதிர்வீச்சு வேண்டாம் என்பது ஆபத்தானது.

தகுதி இருந்தால், 'ஃபோல்ஃபாக்ஸ்' மருந்துக் கூட்டு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என ஆறு சுற்றுகள் தரப்படும். அதன்பின் கட்டியை மீண்டும் அளந்து, 20 விழுக்காடாவது சுருங்கியிருந்தால் அறுவைக்கும், இல்லையெனில் கதிர்வீச்சுக்கும் அனுப்புவார்கள். ஆகவே மறு பரிசோதனைக்கான தேதியைத் தொடக்கத்திலேயே கேட்டு வாங்கிவிடுங்கள். ஆய்வில் இவ்வாறு கதிர்வீச்சுக்கு மாறியவர்கள் ஏறத்தாழ 9 விழுக்காட்டினரே. ஐந்தாண்டு முடிவில் நோயின்றி இருந்தவர்கள் ஃபோல்ஃபாக்ஸ் பிரிவில் 80.8 விழுக்காடு, கதிர்வீச்சுப் பிரிவில் 78.6 விழுக்காடு.

கீமோதெரபி எளிதானது என்று எண்ணிவிட வேண்டாம். ஃபோல்ஃபாக்ஸில் உள்ள ஆக்ஸாலிபிளாட்டின் மருந்து ஏறிய சில நாள்களுக்குக் குளிர்ந்த தண்ணீர்க் குவளையைத் தொட்டாலே விரல் நுனிகள் சுருக்கென்று குத்தும். சோர்வும் குமட்டலும் இருக்கும். கதிர்வீச்சில் அப்போதைக்கு வயிற்றுப்போக்கே பெரும் தொல்லை. ஆயினும் அது கருப்பையைப் பாதிக்கும். இளம்பெண்களுக்கு மாதவிடாயை முன்கூட்டியே நிறுத்திவிடவும் கூடும். குழந்தை பெறும் எண்ணம் உள்ளவர்கள், ஆணாயினும் பெண்ணாயினும், விந்தணு அல்லது கருமுட்டைச் சேமிப்பைப் பற்றி முதல் சுற்றுக்கு முன்பே பேசிவிட வேண்டும். கீமோதெரபியாலும் கருவளம் குறையலாம்.

இரண்டு செய்திகளை மருத்துவர் சொல்லாவிட்டாலும் நீங்களே கேளுங்கள். அறுவையையே தவிர்க்கும் நோக்கம் இருந்தால், அதற்கான திட்டங்களில் பெரும்பாலும் கதிர்வீச்சு இடம்பெறும். இந்த வழி அதற்கு ஏற்றதன்று. திசுப் பரிசோதனையில் எம்.எம்.ஆர். குறைபாடு (டி.என்.ஏ. பிழைகளைத் திருத்தும் திறன் கட்டியின் செல்களில் இல்லாமை) இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால், கீமோதெரபி, கதிர்வீச்சு இரண்டுக்கும் முன்பாக, உடலின் நோய் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் இம்யூனோதெரபியைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும்.