சிப்பாங் ட்ராக்கில் எஞ்சின் ஆயில் சூட்டைக் கட்டுக்குள் வைப்பது எப்படி?

டேஷ்போர்டில் தண்ணீர் முள் நடுவிலேயே நிற்கும். அதே நேரத்தில் ஆயில் 140 டிகிரியைத் தாண்டியிருக்கும். தண்ணீருக்குத் தெர்மோஸ்டாட், ரேடியேட்டர், ஃபேன் என்று மூன்று காவல் உண்டு. சாதாரண புரோட்டோன், மைவி கார்களில் ஆயிலுக்குச் சம்ப்பில் (எஞ்சின் அடியில் ஆயில் தேங்கும் தட்டில்) படும் காற்றை விட்டால் பெரிதாக எதுவும் இல்லை. மலேசியாவின் சிப்பாங் பந்தய ட்ராக் 5.543 கிலோமீட்டர், 15 வளைவுகள், இரண்டு நீண்ட நேர்ப்பாதைகள். ரோட்டில் சில நொடிகள் மட்டும் தொடும் ஆர்பிஎம்மில் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) அங்கே நிமிடக்கணக்கில் ஓட வேண்டும். ஆயிலைச் சூடாக்குவது காரின் வேகத்தைவிட ஆர்பிஎம்தான். பேரிங்குகளில் ஆயில் படலம் அறுபடும் வேகமும், பிஸ்டன் அடியில் அது வாங்கும் சூடும் ஆர்பிஎம்மோடு ஏறும்.

இந்த விளக்கம் பந்திங் மாதிரியான தோட்டப் பட்டணத்தில் இருந்துகொண்டு, வார இறுதியில் டர்போ இல்லாத 1.3 முதல் 1.8 லிட்டர் காரை ட்ராக்குக்குக் கொண்டுபோகிறவர்களுக்கு. ஆயில், ஃபில்டர் மாற்றத் தெரியும் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

1. முதலில் அளவிடுங்கள்

ஆயில் கூலரை (ஆயிலை ஆற்றும் சின்ன ரேடியேட்டர்) முதலில் வாங்காதீர்கள். முதலில் வாங்க வேண்டியது ஆயில் டெம்பரேச்சர் மீட்டரும் ஆயில் பிரஷர் மீட்டரும். காரின் கம்ப்யூட்டர் பிளக்கில் செருகும் ஓபிடி கருவியை நம்ப வேண்டாம். பல கார்களில் ஆயில் சூடே வராது. சிலவற்றில் வருவது கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுச் சொல்லும் எண். டேஷில் எரியும் ஆயில் விளக்கும் உதவாது. பிரஷர் ஏறத்தாழ 0.3 முதல் 0.5 பார் வரை இறங்கினால்தான் அது எரியும். 6,000 ஆர்பிஎம்மில் அது எரிந்தால் பேரிங்குக்கு அதற்குள் அடி விழுந்திருக்கும்.

சென்சாரை ஃபில்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே சாண்ட்விச் பிளேட்டில் போடுங்கள். சம்ப் போல்ட்டில் போடும் வகை எனக்குப் பிடிக்காது. காரின் மிகத் தாழ்ந்த இடத்தில் நீட்டிக்கொண்டு நிற்கும் சென்சார், தோட்டத்துச் செம்மண் பாதையில் ஒரு கல் பட்டாலே உடையும்.

பிளேட் வாங்கும்போது ஃபில்டர் மரையைப் பாருங்கள். மிட்சுபிஷி வழி வந்த பழைய புரோட்டோன் எஞ்சின்களும் ஹோண்டாவும் பெரும்பாலும் எம்20 × 1.5. டொயோட்டாவில் பொதுவாக 3/4-16 யுஎன்எஃப். ஒன்று 20 மில்லிமீட்டர், மற்றது 19.05 மில்லிமீட்டர், கண்ணால் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. பழைய ஃபில்டரைக் கையில் எடுத்துக்கொண்டு போய், கடையிலேயே மரை அளவுகோல் வைத்துப் பாருங்கள்.

சென்சார் மரையிலும் இதே சிக்கல். 1/8 என்பிடி அங்குலத்துக்கு 27 மரை, 1/8 பிஎஸ்பிடி (பிடி 1/8 என்றும் எழுதியிருக்கும்) 28 மரை. ஜப்பானிய மீட்டர்களில் பிடி 1/8, அமெரிக்க வகைகளில் என்பிடி. ஒன்றில் மற்றதைத் திருகினால் இரண்டு மூன்று சுற்று சுகமாகப் போய் இறுகும். ஆயில் சூடானதும் கசியத் தொடங்கும். டெஃப்லான் டேப் சுற்றாதீர்கள். அதன் நார் பிய்ந்து ஆயில் வழிக்குள் போகும். லாக்டைட் 567 மாதிரியான திரவ சீலன்டை, நுனி மரையை விட்டுவிட்டு, அடுத்த மூன்று நான்கு மரைக்கு மட்டும் தடவுங்கள். ஒற்றை வயர் சென்சார் என்றால் அதற்கு எர்த் கிடைப்பது மரை வழியாகத்தான். திருகிய பிறகு சென்சார் உடலுக்கும் எஞ்சினுக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள்.

2. எண்களைப் படிப்பது

80 டிகிரிக்குக் கீழே இருக்கும்போது 3,500 ஆர்பிஎம்மைத் தாண்டாதீர்கள். 100 முதல் 120 வரை நல்ல இடம். ஆயிலில் சேரும் ஈரமும் பெட்ரோலும் ஆவியாகிப் போகும். 130 வந்தால் 500 ஆர்பிஎம் முன்னதாகவே கியர் மாற்றுங்கள். 140 என்றால் அந்த லேப்பையே ஆற்றும் லேப்பாக மாற்றுங்கள். 150 தொட்டால் அன்றைய செஷன் முடிந்தது, ஆயிலையும் மாற்றியாக வேண்டும். சூடு ஒவ்வொரு 10 டிகிரி ஏறும்போதும் ஆயில் கெடும் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும்.

பிரஷர் இன்னும் முக்கியம். ஆயில் நன்றாகச் சூடான நிலையில், 1,000 ஆர்பிஎம்முக்குச் சுமார் 10 பிஎஸ்ஐ என்பது பழைய பட்டறைக் கணக்கு. அதைவிட நன்றாகக் கீழே போனால், சூடு 125தான் என்றாலும் நிறுத்துங்கள்.

3. காசு குறைந்த வேலைகள்

ஆயிலை மாற்றுங்கள். 5டபிள்யூ-30 ஊற்றும் கார் என்றால் ட்ராக்குக்கு 5டபிள்யூ-40 முழு சிந்தெடிக். டப்பாவில் பார்க்க வேண்டிய எண் எச்டிஎச்எஸ்: 150 டிகிரியில், வேகமாக அறுபடும்போது, ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்ற அளவு. எஸ்ஏஇ 30க்குக் குறைந்தபட்சம் 2.9, 5டபிள்யூ-40க்கு 3.5. ஐரோப்பியத் தர முத்திரையான ஏசிஇஏ ஏ3/பி4 என்று எழுதியிருந்தால் 3.5க்குக் குறையாது. சூட்டுக்குப் பயந்து நேராக 10டபிள்யூ-60க்குத் தாவ வேண்டாம். கெட்டியான ஆயில் தானே உராய்ந்து கூடுதல் சூட்டை உண்டாக்கும்.

அளவு டிப்ஸ்டிக்கின் மேல்கோட்டில் நிற்கட்டும், தாண்ட வேண்டாம். அதிகம் ஊற்றினால் கிராங்க் அதை அடித்து நுரையாக்கும். சூடு ஏறி பிரஷர் இறங்கும். குறைவாக இருந்தால் 5, 6ஆம் வளைவுகள் மாதிரி நீளமாக வேகமாக எடுக்கும் இடங்களில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி பம்ப் காற்றை உறிஞ்சும்.

பிறகு ரேடியேட்டர். செம்பனைக் குலை லாரிகள் ஓடும் ரோட்டில் தினமும் போகும் காரில் ஃபின்களுக்குள் செம்மண்ணும் நாரும் அடைந்திருக்கும். எஞ்சின் பக்கமிருந்து வெளிப்பக்கமாக, குறைந்த அழுத்தத்தில் தண்ணீர் அடியுங்கள். கார் கழுவும் கடையின் ஜெட்டைக் கிட்டே பிடித்தால் ஃபின்கள் மடங்கிவிடும்.

ஓட்டும் முறையையும் மாற்றுங்கள்: ஒரு லேப் சூடேற்ற, மூன்று அல்லது நான்கு லேப் வேகமாக, ஒரு லேப் நான்காம் ஐந்தாம் கியரில் 3,000 ஆர்பிஎம்முக்குள். ஏர்கோன் மூடியிருக்கட்டும். இத்தனையும் செய்து சூடு 130க்குள் நின்றால் கூலர் வேண்டாம். காசை டயரிலும் பிரேக் பேடிலும் போடுங்கள்.

4. கூலர், ஹோஸ், மரை

இன்னும் ஏறுகிறது என்றால் 235 மில்லிமீட்டர் அகலத்தில் 13 வரிசைக் கூலர் இந்த எஞ்சின்களுக்குப் போதும். பெரியது நல்லது என்று 25 வரிசை வாங்கினால் வைக்க இடமும் காற்றும் கிடைக்காது. சாண்ட்விச் பிளேட் கட்டாயம் தெர்மோஸ்டாட் உள்ளதாக இருக்கட்டும். சுமார் 80 டிகிரியில் திறக்கும் வகை. அது இல்லாத பிளேட்டில், பசாருக்குப் போய்வரும் ஓட்டத்தில் ஆயில் சூடேறவே ஏறாது.

பலர் மாட்டிக்கொள்வது ஹோஸில்தான். பட்டணத்தில் டிராக்டருக்கும் லாரிக்கும் செம்பனை ஆலை இயந்திரங்களுக்கும் ஹைட்ராலிக் ஹோஸ் அடித்துத் தரும் கடை இருக்கும். அது பெரிய வசதி: அளவெடுத்து, மெஷினில் கிரிம்ப் செய்து (ஃபிட்டிங்கை ஹோஸின் மேல் அழுத்திப் பூட்டி), அன்றே தருவார்கள். கையால் பூட்டும் ஃபிட்டிங்கைவிட கிரிம்ப்பை நான் அதிகம் நம்புகிறேன். ஆனால் அங்கே இரண்டு கண்ணிகள் உண்டு.

முதலாவது சூடு. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் கறுப்பு ரப்பர் ஹைட்ராலிக் ஹோஸ், பெரும்பாலும் 100 டிகிரிக்குத்தான். அழுத்தம் 100 பாருக்கு மேல் தாங்கும் என்பார்கள். அது உண்மை, ஆனால் நம் ஆயில் 10 பாரைக்கூடத் தொடுவது அரிது. நமக்கு வேண்டியது சூடு தாங்குவது. 130 டிகிரி ஆயிலில் அந்த ரப்பர் உள்ளே கெட்டியாகி வெடிப்பு விடும். துகள் ஆயிலில் கலக்கும். எஸ்ஏஇ 100ஆர்14 என்று கேளுங்கள்: உள்ளே பிடிஎஃப்இ (டெஃப்லான்), வெளியே ஸ்டெயின்லெஸ் பின்னல், 204 டிகிரி வரை தாங்கும். அளவை 10 என்பது மாதிரியான குறியீட்டு எண்ணில் சொல்லாதீர்கள். ஹோஸ் வகைக்கு வகை அந்த எண்ணுக்குரிய உள்விட்டம் மாறும். “உள்விட்டம் 14லிருந்து 16 மில்லிமீட்டர்” என்று கேளுங்கள்.

இரண்டாவது மரை. ஃபிட்டிங் மரையில், கூலர் உலகில் ஏஎன்-10 என்பதும் ஹைட்ராலிக் கடையில் ஜேஐசி 7/8-14 என்பதும் ஒன்றுக்கொன்று பொருந்தும். இரண்டுக்கும் 37 டிகிரி சரிவு. அதே கடைப் பெட்டியில் 5/8 பிஎஸ்பி நட்டும் கிடக்கும். அதற்கும் அங்குலத்துக்கு 14 மரைதான்; விட்டம் 22.9 மில்லிமீட்டர், ஜேஐசிக்கு 22.2. பிஎஸ்பி நட் ஜேஐசி மரையில் தளர்வாக ஏறி, இறுக்கும்போது அலுமினிய மரையை வழித்துவிடும். கூலர் பக்கமும் கவனம்: செட்ராப் மாதிரியான கூலர்களில் எம்22 × 1.5. அதற்கு அடாப்டர் தனியாக வாங்க வேண்டும். கடைக்குப் போகும்போது கூலர், பிளேட், அடாப்டர் மூன்றையும் கொண்டுபோய், ஒவ்வொரு நட்டையும் கையால் கடைசி வரை திருகிப் பார்த்த பிறகு கிரிம்ப் செய்யச் சொல்லுங்கள்.

5. பொருத்துவது

கூலரின் குழாய் வாய்கள் மேலே பார்க்கட்டும், முடியாவிட்டால் பக்கவாட்டில். கீழ்நோக்கி வைத்தால் காற்று மேலே சிக்கிக்கொள்ளும். பிராக்கெட்டுக்கும் கூலருக்கும் நடுவே ரப்பர் பாபின் போடுங்கள். நேராக போல்ட் போட்டால் அதிர்வில் கோர் (கூலரின் ஃபின் உள்ள பகுதி) விரிசல் விடும். ஃபிட்டிங் இறுக்கும்போது இரண்டு ஸ்பேனர்: ஒன்று கூலர் வாயைப் பிடிக்க, ஒன்று நட்டைத் திருக. ஸ்டெயின்லெஸ் பின்னல் எதில் உரசினாலும் அரம் போல அறுக்கும். உரசும் இடங்களில் பழைய ரப்பர் குழாயைப் பிளந்து சுற்றி, ரப்பர் வைத்த கிளிப்பால் கட்டுங்கள்.

காற்று கூலரைச் சுற்றிப் போகாமல் உள்ளே நுழைந்து போக வேண்டும். கூலர் முகத்தின் மூன்றில் ஒரு பங்கு அளவுள்ள திறப்பு போதும். அங்கிருந்து விரிந்து கூலரை மூடும் டக்ட் செய்யுங்கள். விளம்பரப் பலகைக்குப் பயன்படும் நெளி பிளாஸ்டிக் அட்டை இதற்கு அருமை, எக்ஸாஸ்டுக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம். இடுக்குகளைக் கதவு ஃபோம் பட்டையால் அடையுங்கள்.

பிளேட்டை மாட்டும் முன் பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினில் ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். இரண்டு வளையம் சேர்ந்தால் முதல் ஆக்ஸிலரேட்டர் மிதிப்பிலேயே ஆயில் பீறிடும்.

கூலரைப் பொருத்துவதற்கு முன்பே அளவுக் குவளையால் ஆயில் ஊற்றி நிரப்பி, எவ்வளவு பிடித்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். 14 மில்லிமீட்டர் ஹோஸ் மீட்டருக்குச் சுமார் 150 மில்லி பிடிக்கும். பிறகு இன்ஜெக்டர், காயில் இணைப்புகளைக் கழற்றிவிட்டு, பிரஷர் வரும் வரை பத்துப் பத்து நொடியாக ஸ்டார்ட்டர் அடியுங்கள். இணைப்புகளை மாட்டி, ஸ்டார்ட் செய்து, டார்ச் அடித்து ஒவ்வொரு மூட்டையும் பாருங்கள். ஆயில் 90 தாண்டும் வரை ஓட்டி, ஐந்து நிமிடம் நிறுத்தி, டிப்ஸ்டிக் மறுபடியும் பார்க்க வேண்டும். தெர்மோஸ்டாட் திறக்கும் முன் பார்த்த அளவு கணக்கில் சேராது. முதல் முறை ட்ராக்கில் இரண்டு லேப் மட்டும் ஓடி உள்ளே வந்து, அடியில் பாருங்கள். ட்ராக்கில் ஆயில் கொட்டினால் பின்னால் வருகிறவர் உயிருக்கே ஆபத்து.

பின்னர் சேர்த்தது

கூலர் போட்ட பிறகு தண்ணீர் சூடு ஏறுகிறது என்று சிலர் கேட்டிருந்தார்கள். கூலர் ரேடியேட்டருக்கு நேர் முன்னால் இருப்பதுதான் காரணம். பம்பரின் ஓரத்தில், ஃபாக் லைட் இருக்கும் இடத்துக்குப் பின்னால் நகர்த்தி, ஃபெண்டர் லைனரில் காற்று வெளியேற ஓட்டை போடுங்கள்.

கூலர் போட்டும் 135க்குக் குறையவில்லை என்றால், பிட்டுக்குள் வந்தவுடனே கூலருக்குள் போகும் முனையையும் வெளிவரும் முனையையும் இன்ஃப்ராரெட் தெர்மோமீட்டரால் அளந்து பாருங்கள். பளபளக்கும் உலோகத்தில் அது தப்பாகக் காட்டும்; இரண்டிலும் முன்கூட்டியே மங்கலான கறுப்பு டேப் ஒட்டி வையுங்கள். 10 முதல் 20 டிகிரி வித்தியாசம் இருந்தால் கூலர் வேலை செய்கிறது. அது போதவில்லை, ஒரு அளவு பெரியது வேண்டும். இரண்டும் ஆறிக்கிடந்தால் தெர்மோஸ்டாட் திறக்கவில்லை. இரண்டும் ஒரே சூடு என்றால் காற்று கோருக்குள் போகவில்லை. டக்ட் இடுக்குகளையும், காற்று வெளியேறும் வழியையும் பாருங்கள்.