நொண்டி நாடகம் பழகுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கூத்து என்றால் போர், சபதம், ஒப்பாரி என்றுதான் பலர் நினைக்கிறார்கள். மட்டக்களப்பில் சிரிக்க வைக்கும் கூத்தும் உண்டு. கையிலிருந்த பொருளையெல்லாம் தாசியிடம் இழந்த ஒருவன், குதிரை திருடப் போய்ப் பிடிபட்டுக் காலை இழக்கிறான். பிறகு இறையருளால் காலைத் திரும்பப் பெறுகிறான். நொண்டி நாடகங்களின் பொதுவான கதை இதுதான். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1963 இல் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு இதை, மட்டக்களப்புக் கூத்தின் இரு பாணிகளில் ஒன்றான தென்மோடியில் மேடையேற்றினார். சென்ற வருடம் எங்கள் ஊர் இளைஞர்களும் பழகினோம். ஆசிரியர், மேசன், கடைக்காரர் என்று எல்லாரும் வேலை முடித்து வந்து பழகியவர்கள். ஆசை நிறைய இருந்தது, தவறுகளும் நிறைய நடந்தன.

முதல் தவறு, சிரிப்பை வெளியிலிருந்து கொண்டு வந்தது. பழகத் தொடங்கி மூன்றாம் வாரமே எங்களில் ஒருவருக்குப் பாட்டு மட்டும் போதாதோ என்று பயம் வந்துவிட்டது. நடுவில் சினிமா வசனம் ஒன்றைச் சேர்த்தார். கூத்தாடும் இடமான களரியில் சிரிப்பு வந்தது உண்மைதான். ஆனால் அடுத்த பாட்டு எடுபடவில்லை. மத்தளக்காரர் காலம் பிடித்து மறுபடி கூத்தைத் தூக்கி நிறுத்தச் சில நிமிடங்கள் ஆயின. இந்தக் கூத்தின் நகைச்சுவை பாட்டுக்குள்ளேயே இருக்கிறது. தான் செய்த திருட்டைக் கதைநாயகன் வீரச்செயல் போலப் பெருமையாகப் படிக்கிறான், தாளம் அந்தப் பெருமைக்கு ஒத்து ஊதுகிறது. சிரிப்பு அங்கேதான் பிறக்கிறது. அந்த இடத்தில் சொல் விளங்கினால் போதும், வேறெதுவும் தேவையில்லை.

சொல் விளங்காமல் போவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. நாங்கள் அகப்பட்ட மைக்கையெல்லாம் மத்தளத்துக்கும் சல்லரி என்ற கைத்தாளத்துக்கும் பக்கத்தில் வைத்தோம். வட்டக்களரியில் கூத்தர் சுற்றி ஆடுவார்கள், கூத்தைப் பழக்கும் அண்ணாவியாரும் பிற்பாட்டுக்காரரும் நடுவில் நிற்பார்கள். அதனால் ஒலிபெருக்கியில் சல்லரி மட்டுமே கேட்டது. மைக் வைப்பதானால் பாட்டுக்காரருக்கு வையுங்கள், மத்தளத்துக்கு வேண்டாம். கீபோர்டு சேர்க்கலாமா என்று கேட்பவர்களுக்கும் என் பதில் வேண்டாம் என்பதுதான். அது சுருதியைப் பிடித்துக் கொடுக்கும், ஆனால் சொல்லை மூடிவிடும்.

அடுத்து, கால். இதைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். ஊனத்தைப் பார்த்துச் சிரிக்க வைப்பதா இந்தக் கூத்து? இல்லை. போரில் காலை இழந்தவர்கள் நம் ஊர்களில் முன்வரிசையில் வந்து இருப்பார்கள். கதைநாயகனுடைய பேராசையும் வீம்பும்தான் சிரிப்புக்கு உரியவை. நொண்டுவதை மிகைப்படுத்தி விழுந்து புரளும் ஆட்டத்தை முதல் நாளே வெட்டிவிடுங்கள். ஆடுபவரின் உடம்பையும் கவனிக்க வேண்டும். ஒரு காலை மடித்து நெடுநேரம் ஆடினால் மற்றக் கணுக்கால் வீங்கும். காலை மாற்றி மாற்றிப் பழக வையுங்கள், சீமெந்துத் தரையில் பழக வேண்டாம், மணல் முற்றமே நல்லது.

பழகும் முறையைச் சுருக்குவதும் தவறு. சட்டங்கொடுத்தல் (அவரவர் பாகத்தைக் கொடுப்பது), சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல் (முழு ஒத்திகை), அப்புறம் அரங்கேற்றம் என்ற வரிசை வெறும் சடங்கு இல்லை. ஒவ்வொன்றும் ஒரு கெடு. சதங்கை கட்டும் நாளில் தாளம் காலில் ஏறியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் சதங்கைச் சத்தமே பிழையைக் காட்டிக் கொடுத்துவிடும். நாங்கள் பாட்டுக் கொப்பியை மனப்பாடம் செய்துவிட்டு ஆட்டத்தைக் கடைசி மாதத்துக்குத் தள்ளினோம். பாட்டு வந்தது, கால் வரவில்லை. நாள் குறிக்கும்போது வடகீழ்ப் பருவ மழையையும் நினைவில் வையுங்கள். கார்த்திகை, மார்கழியில் திறந்த களரியை நம்ப முடியாது.

மண்டப மேடையில் ஆடுவதானால் வட்டக்களரியின் ஆட்டத்தை அப்படியே ஏற்றாதீர்கள். சபை ஒரே பக்கம் இருப்பதால் பாதி நேரம் முதுகுதான் தெரியும். நீளத்தைக் குறைப்பதானால் அண்ணாவியாரோடு இருந்து குறையுங்கள். கதை ஓடும் பாட்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு பாத்திரம் களரிக்கு வரும்போது படிக்கும் வரவுப் பாட்டை வெட்டினால் ஆள் யார் என்பதே சபைக்குத் தெரியாது.

அடுக்குப் பார்க்கிற இரவில் கடைசி வரிசையில் ஒரு பெரியம்மாவை இருத்திவிட்டு, பாட்டு முடிந்ததும் கதைநாயகன் என்ன சொன்னான் என்று கேட்டுப் பாருங்கள். எங்களுக்குக் கிடைத்த பதில், "ஒண்டும் விளங்கல்ல மனே." அன்றிரவே மைக்குகளை இடம் மாற்றினோம்.