பத்திரிகை முதல் மொய் நோட்டு வரை: கல்யாணத்தின் காகித வேலைகளைத் திட்டமிடுவது எப்படி

மதுரையில் ஓர் அச்சகத்தில் 22 வருடமாக மேட்டர் (அச்சாக வேண்டிய வாசகம்) அடிக்கிறேன், புரூஃப் (அச்சுக்கு முன் பிழை பார்க்க எடுக்கும் மாதிரி) பார்க்கிறேன். 2025 ஆவணியில் என் மூத்த மகளுக்குக் கல்யாணம் செய்து வைத்தோம். அதுவரை அடுத்தவர் வீட்டுப் பத்திரிகைகளைத்தான் அடித்துக் கொடுத்திருக்கிறேன். சொந்த வீட்டுக்கு என்று உட்கார்ந்தபோது, எங்கள் கடைக்கு வருகிறவர்கள் ஏன் அப்படித் தடுமாறுகிறார்கள் என்று புரிந்தது. எல்லாரும் முதலில் கார்டைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கார்டு கடைசி. முதலில் வேண்டியது பெயர்கள்.

ஒரு நீள நோட்டு வாங்குங்கள். செல்போனில் எழுதாதீர்கள், வீட்டில் எல்லாரும் எடுத்துப் புரட்டுகிற மாதிரி இருக்க வேண்டும். ஊர் வாரியாகப் பக்கம் பிரித்து, ஒரு வீட்டுக்கு ஒரு வரி. ஞாபகத்திலிருந்து எழுதினால் கண்டிப்பாக யாராவது விட்டுப்போகும். நான் எங்கள் கல்யாண மொய் நோட்டையும், மகளின் சடங்கு மொய் நோட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினேன். நமக்கு வந்து செய்தவர்கள் எல்லாரும் அதில் இருப்பார்கள். அதற்குப் பிறகு தெரு, வேலை செய்யும் இடம், பிள்ளைகளின் சிநேகிதர்கள். எங்களுக்கு 412 வீடு வந்தது.

அந்தப் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு குறி போடுங்கள். தட்டில் வெற்றிலை பாக்கோடு புருஷன் பெண்டாட்டி இருவரும் போய் வைக்க வேண்டியவர்கள் யார், ஒருவர் போய்க் கொடுத்தால் போதும் என்கிறவர்கள் யார், தபாலிலோ வாட்ஸ்அப்பிலோ அனுப்பிவிட்டுப் போனில் பேசினால் சரி என்கிறவர்கள் யார். இந்த மூன்றும் தெரிந்தால்தான் எத்தனை கார்டு வேண்டும் என்று சொல்ல முடியும். எங்களுக்கு 60 வீடு வெளிநாடு, வெளிமாநிலம். மீதி 352. நான் 425 அடித்தேன். கோவிலுக்கு, போட்டோகிராபருக்கு, எழுதும்போது கெட்டுப்போகிற கவருக்கு, கடைசி நாளில் நினைவுக்கு வருகிறவர்களுக்கு, அப்புறம் பதிவு அலுவலகத்துக்கு என்று 73 கார்டு அதிகம் வைத்தது சரியாக இருந்தது. ஆப்செட்டில் பிளேட் போடுவதும் மெஷினைத் தயார் செய்வதும்தான் செலவு. 50 கார்டு பற்றவில்லை என்று திரும்ப வந்தால் அதே செலவு மறுபடியும் ஆகும். முதலிலேயே கூட்டி அடிப்பதற்குக் காகிதத்தின் விலை மட்டும்தான் கூடும்.

நாள் கணக்கைக் கல்யாணத் தேதியிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். பத்திரிகை கையில் வந்து குறைந்தது 35 நாளாவது கொடுப்பதற்கு வேண்டும். வேலைக்குப் போகிற வீடு என்றால் ஐந்து ஞாயிற்றுக்கிழமைதான் கிடைக்கும், அதையும் நினைவில் வையுங்கள். அச்சுக்கு 10 நாள். மேட்டர் எழுதித் திருத்த 10 நாள். ஆக, இரண்டு மாதத்துக்கு முன்னால் பட்டியல் முடிந்திருக்க வேண்டும்.

ஆவணிக் கல்யாணத்துக்கு இன்னும் ஒரு சிக்கல் உண்டு. ஆடியில் பத்திரிகை வைக்க மாட்டோம் என்கிற வீடுகள் எங்கள் பக்கம் அதிகம். என் மகள் முகூர்த்தம் செப்டம்பர் 4. ஆவணி பிறந்தது ஆகஸ்ட் 17. ஆவணி பிறந்த பிறகுதான் என்றால் 18 நாளில் 350 வீடு ஏறி இறங்க முடியாது. அதனால் ஆனியிலேயே அடித்து வாங்கி, ஆடிப்பெருக்கு அன்று குலதெய்வத்துக்கு முதல் பத்திரிகை வைத்துவிட்டு, அன்றைக்கே வெளியூரைத் தொடங்கிவிட்டோம். ஆவணியிலும் தை மாதத்திலும் கல்யாணம் வைத்திருப்பவர்கள் இதைப் பெரியவர்களிடம் முதலிலேயே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். மார்கழியும் அதே மாதிரிதான். அந்தச் சமயத்தில் அச்சகங்களிலும் வேலை குவிந்து கிடக்கும்.

இனி மேட்டர். யாருடைய பழைய பத்திரிகையையாவது கொடுத்து “இதே மாதிரி அடிங்க” என்பார்கள். மாதிரிக்கு வைத்துக்கொள்ளலாம், தவறில்லை. ஆனால் பழைய பத்திரிகையில் பழைய வருடம் இருக்கும். தமிழ் வருடம் ஏப்ரல் 14-இல் மாறும். 2025 ஏப்ரல் 14-இலிருந்து விசுவாவசு, 2026 ஏப்ரல் 14-இலிருந்து பராபவ. சித்திரைக் கல்யாணத்துக்குப் பங்குனியில் அடிக்கும்போது இந்த வருடப் பெயர் மாறாமல் நின்றுவிடுவதை எத்தனையோ தடவை பிடித்திருக்கிறேன். தமிழ்த் தேதி, ஆங்கிலத் தேதி, கிழமை மூன்றையும் காலண்டரை எதிரில் வைத்துக்கொண்டு ஒப்பிடுங்கள். எங்கள் பத்திரிகையில் அந்த வரி இப்படி இருந்தது: “நிகழும் மங்களகரமான விசுவாவசு வருடம் ஆவணி மாதம் 19ஆம் தேதி (04.09.2025) வியாழக்கிழமை காலை 7.30 மணிக்கு மேல் 9.00 மணிக்குள்.” இந்த ஒரு வரிக்கு மட்டும் நான் நாலு தடவை காலண்டர் பார்த்தேன்.

வரவேற்பு வரியில் கவனம் இதைவிட அதிகம் வேண்டும். எங்கள் ஊர்ப் பக்கம் முதல் நாள் மாலை வரவேற்பு, மறுநாள் காலை முகூர்த்தம். என் தம்பி கல்யாணத்தில் முகூர்த்தத் தேதியைப் பெரிதாகப் போட்டுவிட்டு, கீழே “மாலை 6 மணி முதல் வரவேற்பு” என்று மட்டும் அடித்துவிட்டார்கள். தேதி போடவில்லை. தேனியிலிருந்து பெரியப்பா குடும்பம், முகூர்த்தம் முடிந்த அன்று சாயங்காலம் வேன் பிடித்து வந்து இறங்கியது. மண்டபத்தில் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பெரியம்மா பட்டுப்புடவையோடு வாசலில் நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது. அன்றிலிருந்து நான் அடிக்கிற எல்லாப் பத்திரிகையிலும் வரவேற்புக்குத் தனியாகத் தேதி, கிழமை, “முதல் நாள் மாலை” என்ற சொல் மூன்றும் இருக்கும். இடம் போதவில்லை என்று வாடிக்கையாளர் சொன்னால், பூ டிசைனைக் குறைக்கச் சொல்வேன்.

மணமக்கள் பெயர் சான்றிதழில் இருப்பது போலவே, முதலெழுத்து உட்பட, இருக்கட்டும். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி திருமணத்தைப் பதிவு செய்வது கட்டாயம். பதிவுக்குப் போகும்போது பத்திரிகையும் கேட்பார்கள். வீட்டில் கூப்பிடுகிற பெயரை அடித்துவிட்டு அங்கே போய் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். செல்லப் பெயர்தான் ஊருக்குத் தெரியும் என்றால் “என்கிற” போட்டு இரண்டையும் சேர்க்கலாம்.

பெயருக்கு முன்னால் வரும் சொல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். “திருவளர்ச்செல்வன்” என்று ‘ச்’ போட்டுத்தான் பெரும்பாலும் எழுதிக் கொடுக்கிறார்கள். அது திருவளர்செல்வன். சுடுசோறு, ஊறுகாய் மாதிரி வினைத்தொகை, வல்லினம் மிகாது. திருநிறைசெல்விக்கும் இதே கதை. பத்திரிகை என்பதைப் பத்திரிக்கை என்றும் அடிக்காதீர்கள். ஐந்நூறு வீட்டுக்குப் போகிற தாளில் தமிழ் சரியாக இருக்க வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

இன்னொன்றும் மனசு விட்டுச் சொல்கிறேன். அப்பா இல்லாத பெண்ணுக்கு, அழைப்பவர் இடத்தில் பெரியப்பா பெயரையோ மாமா பெயரையோ போட்டு, பெற்ற அம்மா பெயரை உள்ளே எங்கேயோ ஒரு மூலையில் வைக்கிற பத்திரிகைகள் இன்றைக்கும் வருகின்றன. அம்மா பெயரை முதலில் போடுங்கள். அழைப்பது அவர்தான். பக்கத்தில் பெரியப்பா பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள், யாருக்கும் குறைவில்லை. எங்கள் கடையில் நான் எடுத்துச் சொல்லி மாற்றியவர்களில் ஒருவர்கூடப் பிறகு வந்து வருத்தப்பட்டதில்லை.

உறவினர் பெயர் வரிசை வயதுப்படி இருக்கட்டும். பெரியப்பா, சித்தப்பா, அத்தை மாமா, தாய்மாமன்கள், அப்புறம் உடன்பிறந்தவர்கள் என்று எழுதி, குடும்பத்தில் மூத்த அத்தையிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். எங்கள் அத்தை கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, “மேலூர்ச் சித்தப்பா எங்கத்தா?” என்றார். விட்டுப்போயிருந்தது. அச்சில் ஏறிய பிறகு என்றால் அந்தச் சித்தப்பா முகத்தில் விழித்திருக்க முடியாது.

புரூஃபை செல்போன் திரையில் மட்டும் பார்த்து ஓகே சொல்லாதீர்கள். வாட்ஸ்அப்பில் நீங்கள் அனுப்புகிற மேட்டர் பல அச்சகங்களில் பழைய எழுத்துருவில் மறுபடியும் புதிதாகத்தான் அடிக்கப்படுகிறது. உங்களிடம் சரியாக இருந்தது அங்கே தவறாகலாம். தாளில் எடுத்து வாங்கி, ஒருவர் படிக்க ஒருவர் மூலத்தைப் பார்க்க வேண்டும். பிறகு கடைசி வரியிலிருந்து மேல்நோக்கி ஒரு தடவை படியுங்கள். மேலிருந்து படித்தால் மனசு தானாக நிரப்பிக்கொண்டு ஓடிவிடும். போன் நம்பரைக் கண்ணால் பார்க்காதீர்கள், புரூஃபைப் பார்த்து டயல் செய்யுங்கள். மண்டபத்துக்கு வழிகாட்டும் க்யூஆர் கோடு இருந்தால் அந்தத் தாளிலேயே ஸ்கேன் செய்து பாருங்கள். மாப்பிள்ளை வீட்டார் தனியாக அடித்தால் அவர்கள் புரூஃபையும் வாங்கி, நேரமும் மண்டபப் பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போட வேண்டும்.

இப்போது கார்டு. எங்கள் கடைக்கு வெற்றுக் கார்டும் கவரும் சிவகாசியிலிருந்து வரும், உள் மேட்டரை நாங்கள் அடிப்போம். டிசைன் உங்கள் விருப்பம், அதில் நான் தலையிட மாட்டேன். ஆனால் கடையில் நின்று இரண்டு சோதனை செய்யுங்கள். ஒன்று, மஞ்சள். கொஞ்சம் மஞ்சள் குழைத்துக்கொண்டு போய் மாதிரிக் கார்டின் மூலையில் தடவிப் பாருங்கள். பளபளவென்று லேமினேஷன் போட்ட அட்டையில் மஞ்சள் பிடிக்காது, காய்ந்ததும் பொடியாக உதிர்ந்து கவருக்குள் கிடக்கும். இரண்டாவது, பேனா. கவர்மேல் ஒரு பெயர் எழுதி விரலால் தேய்த்துப் பாருங்கள். ஜெல் பேனா வழவழப்புக் கவரில் இழுகிவிடும். இரண்டிலும் தேறியதை வாங்குங்கள். அரக்குத் தாளில் தங்க எழுத்து கடை வெளிச்சத்தில் அழகாக இருக்கும், ஆனால் வீட்டு டியூப் லைட்டில் அறுபது வயதுக்காரர் படிக்க முடியாது. உள் தாள் வெளிர் நிறமாக, எழுத்து அழுத்தமாக இருக்கட்டும். தபாலில் போகிறவற்றை மட்டும் ஒரு கார்டு, கவரோடு எடை போட்டு, தபால் நிலையத்தில் எவ்வளவு ஆகும் என்று கேட்டபின் அனுப்புங்கள்.

கவரில் பெயரைக் கையால் எழுதுங்கள். அச்சடித்த லேபிள் வேண்டாம். என் மகளும் நானும் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு தினம் 40 கவர் என்று எழுதினோம். எழுதிய பெயருக்கு நோட்டில் ஒரு டிக், கொடுத்தபின் இன்னொரு டிக். இரண்டு டிக் இல்லாதவர்கள் யார் என்று கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால் பார்த்தபோது 11 வீடு மிச்சம் இருந்தது. இரண்டே நாளில் முடித்துவிட்டோம்.

மற்ற சின்ன வேலைகளை ஒரே நாளில் முடித்துவிடலாம். வேன், பஸ்ஸின் முன் கண்ணாடியில் ஒட்ட மணமக்கள் பெயரும் வண்டி எண் 1, 2 என்றும் போட்ட தாள், மண்டபத்தில் எந்த அறை யாருக்கு என்ற பட்டியல், சீர்த்தட்டுகளுக்கு எண், வாசல் பெயர்ப் பலகை. அறைப் பட்டியலை மட்டும் இரண்டு பிரதி எடுத்து ஒன்றை மண்டப மேனேஜரிடம் கொடுங்கள்.

தாம்பூலப் பை துணியில் வாங்குங்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் கைப்பைக்குத் தடை இருக்கிறது. மஞ்சப்பையில் ஸ்கிரீன் பிரிண்டிங்தான் செய்வார்கள், மெல்லிய எழுத்தும் போட்டோவும் துணியில் சரியாக விழாது. தடித்த எழுத்தில் பெயரும் ஊரும் போதும். பை ஆர்டர் கொடுக்கும்போது ஒரு தேங்காயைக் கொண்டுபோங்கள். தேங்காய் உள்ளே போய், கைப்பிடி மேலே நிற்க வேண்டும். நாங்கள் 600 பை வாங்கினோம். கல்யாணம் முடிந்து ஆறு மாதம் கழித்து மார்க்கெட்டில் முன்பின் தெரியாத ஓர் அம்மா என் மகள் பெயர் போட்ட பையில் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு போனார். வீட்டுக்கு வந்து எல்லாரிடமும் சொன்னேன்.

மொய் நோட்டைக் கல்யாணத்துக்கு முதல் நாள் ஓடிப்போய் வாங்காதீர்கள். பைண்டிங் கெட்டியான, நீளமான நோட்டு, தாள் மை ஊறாததாக. இது முப்பது நாற்பது வருடம் இருக்க வேண்டிய புத்தகம். முன்கூட்டியே கோடு போட்டு வையுங்கள்: வரிசை எண், ஊர், பெயர், தொகை. ஊர் முதலில் வர வேண்டும், பின்னால் தேடும்போது “உசிலம்பட்டி, மாரியப்பன்” என்றுதான் தேடுவோம். ஒரே ஊரில் இரண்டு மாரியப்பன் இருந்தால் அப்பா பெயரையும் எழுதச் சொல்லுங்கள். மேஜையில் ஒருவர் எழுத, ஒருவர் பணம் வாங்க, இருவரும் குடும்பத்துக்கு நம்பகமானவர்கள். கவரில் வருவதை அப்போதே பிரித்து, தொகையைக் கவர்மேலும் எழுதி, கவர்களைத் தனிப் பையில் போட்டு வைக்க வேண்டும். கணக்கு இடித்தால் கவர்தான் சாட்சி. இப்போது எங்கள் பக்கம் கம்ப்யூட்டரில் அடித்து ரசீது கொடுக்கிறார்கள். வசதிதான், ஆனாலும் கையால் எழுதிய நோட்டு ஒன்று இருக்கட்டும்.

கல்யாணம் முடிந்த அந்த வாரமே 5 பத்திரிகையைத் தனியாக எடுத்து வையுங்கள். பதிவுக்கு 90 நாள் கெடு. அதைத் தாண்டினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள். பத்திரிகை, கல்யாணப் போட்டோ, வயதுச் சான்று, முகவரிச் சான்று எல்லாவற்றையும் ஒரே கவரில் போட்டு, மேலே கடைசித் தேதியைப் பெரிதாக எழுதி, மொய் நோட்டோடு பீரோவில் வைத்தோம். மறுவீட்டு விருந்துக்கு வந்தபோதே மகளும் மாப்பிள்ளையும் போய்ப் பதிவு செய்துவிட்டு வந்தார்கள். மீதி 4 பத்திரிகை இன்னும் அந்தக் கவரில்தான் இருக்கிறது, மூலையில் மஞ்சள் அப்படியே பிடித்திருக்கிறது.