மழை நாட்டு முற்றத்தில் பீங்கான் கரியடுப்பு

கமாடோ எனப்படும் முட்டை வடிவப் பீங்கான் கரியடுப்பை வாங்கப் போகிறவர்கள் விலையைக் கேட்கிறார்கள், நிறத்தைப் பார்க்கிறார்கள், கூடக் கிடைக்கும் தட்டுமுட்டுகளை எண்ணுகிறார்கள். மூடி எத்தனை இறுக்கமாக உட்காருகிறது என்று பார்ப்பவர் குறைவு. அந்த அடுப்பின் உயிரே அதில்தான் இருக்கிறது. சாதாரணக் கம்பி அடுப்பில் கரி கூடினால் சூடு கூடும். இதில் வயிறு நிறையக் கரி கிடந்தாலும், கீழ்வாசல் வழியாக எவ்வளவு காற்று நுழைகிறதோ அவ்வளவுதான் எரியும். மூடியின் ஓரத்தில் கள்ளக்காற்று புகுந்தால் நீங்கள் வைத்த சூடு நிற்காது. ஏறக்குறைய ஒரு அங்குலத் தடிமனுள்ள சுவர் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்வதால் கொஞ்சம் காற்றே போதும். காற்று மெல்ல ஓடுவதால் இறைச்சியும் வறண்டு போகாது.

ஜப்பானில் சோறு சமைக்கப் பயன்பட்ட மண் அடுப்பை, இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்கிருந்த அமெரிக்கப் படைவீரர்கள் தங்கள் ஊருக்குக் கொண்டுபோனதில் தொடங்கியது இந்தக் கதை. 1974இல் அட்லாண்டாவில் தொடங்கிய பிக் கிரீன் எக், 2009இல் வந்த கமாடோ ஜோ ஆகிய இரண்டும்தான் இன்று அதிகம் பேசப்படும் பெயர்கள். மலிவான வேறு பெயர்களும் உண்டு. பெயரை விட்டுவிட்டுப் பொருளைச் சோதிப்போம்.

வாங்கும்போது

அளவு என்பது உள்ளே இருக்கும் கம்பித் தட்டின் விட்டம். 13 அங்குலம் மூன்று நான்கு பேருக்குப் போதும். 18 அங்குலம் ஆறு முதல் எட்டுப் பேருக்கு. முழுக்கோழி இரண்டு படுக்கும். 24 அங்குலம் கல்யாண வீட்டுச் சமாச்சாரம்: எடை நூறு கிலோவைத் தாண்டும், சூடேறவும் கரி அதிகம் தின்னும். வீட்டுக்கு 18 போதும், அதுவே எழுபது கிலோவுக்கு மேல் இருக்கும். வண்டியிலிருந்து இறக்க மூன்று பேர் வேண்டும். கீலைப் பிடித்தோ பக்கப் பலகையைப் பிடித்தோ தூக்காதீர்கள். கீழ்வாசலில் ஒரு கை, அடியில் ஒரு கை.

பத்து ரூபாய் நோட்டு ஒன்றை மூடிக்கும் உடலுக்கும் நடுவே வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். சுற்றிலும் எட்டு இடத்தில் இப்படிச் செய்தால், எல்லா இடத்திலும் நோட்டு பிடித்து நிற்க வேண்டும். ஓரிடத்தில் வழுக்கிக்கொண்டு வந்தால் மூடியைப் பிடிக்கும் பட்டையின் திருகாணியைச் சரிசெய்து பார்க்கலாம். அப்போதும் வழுக்கினால் அந்த அடுப்பு வேண்டாம். மேல் பூச்சில் மயிரிழைக் கோடுகள் இருப்பது குறையல்ல. சுவரை ஊடுருவும் விரிசல் குறை.

உள்ளே கரி கிடக்கும் கிண்ணம் ஒரே வார்ப்பாக இருந்தால் சில காலத்தில் விரிசல் விடுவது சகஜம், ஏனென்றால் அடியும் மேலும் ஒரே வேகத்தில் விரிவதில்லை. துண்டு துண்டாக அடுக்கும் கிண்ணம் இந்தத் தொல்லையைத் தவிர்க்கும். தீக்கும் கம்பித் தட்டுக்கும் நடுவே வைக்கும் வெப்பத் தடுப்புக் கல் விலையில் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். அது இல்லாமல் மெதுச் சமையல் நடக்காது. பீங்கானுக்கு உத்தரவாதம் உண்டு என்பார்கள். உடைந்த துண்டை யார், எங்கிருந்து, எத்தனை நாளில் தருவார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

எங்கே வைப்பது

திறந்த முற்றம்தான் சரி. சுவரிலிருந்து இரண்டடியாவது தள்ளி இருக்கட்டும். ஓலைக் கூரை, ரப்பர் ஷீட் காயும் கொட்டகை, அடைத்த வராந்தா மூன்றும் கூடாது. கரிப்புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. மரப் பலகைமேல் நேரடியாக வைக்காதீர்கள், அடியில் பீங்கான் கால்கள் இருந்து காற்று ஓட வேண்டும். தென்னைக்கு நேர் கீழேயும் வேண்டாம். முற்றிய தேங்காய் ஒன்று விழுந்தால் எந்த உத்தரவாதமும் செல்லாது.

கரி

கேரள எல்லையை ஒட்டிய களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கம் கையெட்டும் தூரத்தில் இருப்பது சிரட்டைக்கரி. நன்றாகச் சூடு தரும், ஆனால் தனியாகப் போட்டால் கெடுத்துவிடும். துண்டுகள் சிறியவை, தட்டையானவை. ஒன்றன்மேல் ஒன்று படிந்து அடித்தட்டின் துளைகளை அடைத்துவிடும், காற்று ஏறாமல் தீ பாதியில் அணைந்துபோகும். ராமநாதபுரம், தூத்துக்குடிப் பக்கத்து மூட்டங்களிலிருந்து வரும் சீமைக் கருவேலக் கரியே இதற்குத் தோதானது. அமெரிக்கர்கள் மெஸ்கீட் என்று கொண்டாடும் மரத்தின் நெருங்கிய உறவுதான் நம் சீமைக் கருவேலம். முட்டியளவுத் துண்டுகளை அடியில் அடுக்கி, இடைவெளியைச் சின்னத் துண்டுகளால் நிரப்பி, கடைசியில் கால் பங்குக்கு மேல் போகாமல் சிரட்டைக்கரியைத் தூவுங்கள். மூட்டையின் அடியில் கிடக்கும் தூளை அடுப்புக்குள் கொட்டாதீர்கள். அச்சில் அழுத்திய கரிக்கட்டிகளும் வேண்டாம், அவற்றின் சாம்பல் மிக அதிகம்.

18 அங்குல அடுப்பில் சுமார் மூன்று கிலோ கரி 110 டிகிரி செல்சியஸில் இரவு முழுக்கத் தாங்கும்.

புகை மணத்துக்குக் கைப்பிடியளவுக் கட்டை இரண்டோ மூன்றோ போதும்: கொய்யா, மா, பலா, புளி. நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். தண்ணீரில் ஊறவைப்பதால் பயனில்லை, ஆவி வந்து முடிந்த பிறகுதான் புகையே வரும். அறுப்பு ஆலையில் இலவசமாகக் கிடைக்கும் ரப்பர் கட்டையை எடுக்காதீர்கள்; பூச்சி அரிக்காமலிருக்க அதற்கு மருந்து ஏற்றியிருப்பார்கள். பிளைவுட் துண்டும் அப்படியே. பச்சைச் சிரட்டையின் புகை தாரைப் போலக் கசக்கும்.

தீயும் காற்றும்

புது அடுப்பின் முதல் தீ 150 முதல் 175 டிகிரிக்குள் ஒரு மணி நேரம் இருக்கட்டும். காற்றை அடைக்க மூடி ஓரத்தில் ஒட்டியிருக்கும் நாரையும் அதன் பசையையும் பதப்படுத்தத்தான் இது. முதல் நாளே 350க்கு ஏற்றினால் பசை இளகி நார் உரிந்துவிடும்.

மண்ணெண்ணெய் ஊற்றவே கூடாது. பீங்கான் அதை உறிஞ்சிக்கொண்டு பின்னால் வரும் சமையலுக்கெல்லாம் வாடை கொடுக்கும். சமையல் எண்ணெயில் முக்கிய பஞ்சு உருண்டையைக் கரிக்கு நடுவே புதைத்துப் பற்ற வையுங்கள். மெதுச் சமையலுக்கு ஒரே இடத்தில், சுட்டெடுக்க மூன்று இடத்தில். பத்து நிமிடம் மூடி திறந்திருக்கட்டும். பிறகு தடுப்புக் கல்லையும் தட்டையும் வைத்து மூடுங்கள்.

சூட்டைக் கீழிருந்துதான் அணுக வேண்டும். 115 டிகிரி வேண்டுமென்றால், மூடியிலுள்ள அளவி 95ஐத் தொடும்போதே கீழ்வாசலை அரை விரல் அகலத்துக்கும் மூடி உச்சியிலுள்ள மேல்வாயைச் சிறு கீற்றுக்கும் குறைத்துவிடுங்கள். 180க்குக் கீழே ஒரு அங்குலம், மேலே கால்வாசி. 300க்கு மேல் என்றால் இரண்டும் முழுத்திறப்பு. ஒவ்வொரு அடுப்புக்கும் கொஞ்சம் முன்பின் இருக்கும். கவனம் பிசகி 160க்குப் போய்விட்டால் உடனே இறக்க வழியில்லை. சூடான சுவர் ஆற ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வாசலைத் திருப்பினால் பலன் தெரியப் பத்து, பதினைந்து நிமிடம் பிடிக்கும். அதற்குள் மறுபடி திருப்புகிறவர்களுக்குத்தான் அடுப்பு அடங்காது.

வெள்ளைப் புகை அடர்த்தியாக வந்துகொண்டிருக்கும்போது இறைச்சியை வைக்காதீர்கள். அது அரைகுறையாக எரியும் கரியின் புகை, கசப்பு ஏறும். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் மெல்லிய புகை வரும் வரை அரை மணியோ முக்கால் மணியோ ஆகும்.

ஒரு ஆபத்து: 200 டிகிரிக்கு மேல் சூடு இருக்கையில், காற்றுக்கு ஏங்கிக் கிடக்கும் தீமேல் மூடியைச் சட்டென்று திறந்தால் நெருப்பு வெளியே பாயும். முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, மூடியை இரண்டு விரல் உயரம் தூக்கி, சில நொடி பிடித்து, பிறகு மெதுவாகத் திறங்கள்.

என்ன சமைப்பது

முதல் சமையலுக்குக் கோழி நல்லது, அது சின்னத் தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும். ஒன்றரைக் கிலோக் கோழியை முதுகெலும்பு நீக்கி விரித்து, கிலோவுக்கு 12 கிராம் உப்பு தடவி முதல்நாள் இரவே குளிர்பெட்டியில் வையுங்கள். மறுநாள் நல்லமிளகு, பூண்டு, தேங்காயெண்ணெய். தடுப்புக் கல்லோடு 180 டிகிரியில் 50 முதல் 60 நிமிடம். மார்பு 74 டிகிரியும் தொடை 80க்கு மேலும் வந்தால் எடுத்துவிடலாம். மார்த்தாண்டம் தேன் பூசுவதாக இருந்தால் கடைசிப் பத்து நிமிடத்தில் மட்டும். முன்னாலேயே பூசினால் கருகிக் கசக்கும்.

குளச்சலிலோ தேங்காய்ப்பட்டணத்திலோ வாங்கிய முழு அயலையை, சின்ன உள்ளி, மிளகு, குடம்புளி அரைப்பு பூசி, வாட்டிய வாழை இலையில் பொதிந்து, கல் இல்லாமல் 200 டிகிரியில் பக்கத்துக்கு ஏழெட்டு நிமிடம் வைக்கலாம்.

அடுப்பின் முழுத் திறமையும் தெரிவது பன்றித் தோள்கறியில். இரண்டரைக் கிலோத் துண்டு 115 முதல் 120 டிகிரியில் ஏழு முதல் ஒன்பது மணி நேரம் எடுக்கும். உள்சூடு 70ஐ ஒட்டி வந்ததும் மணிக்கணக்கில் அங்கேயே நிற்கும். கறியிலிருந்து ஆவியாகும் நீர் சூட்டைத் தின்பதுதான் காரணம், தீயைக் கூட்டாதீர்கள். அவசரமென்றால் வாழை இலையும் அலுமினியத் தாளுமாகச் சுற்றிவிடுங்கள். 93 டிகிரியில் எடுத்து, சுற்றிய நிலையிலேயே ஒரு மணி நேரம் ஆறவிட்டால் விரலால் பிய்க்கலாம். கொழுப்பு சொட்டும் தட்டைத் தடுப்புக் கல்மேல் ஒட்ட வைக்காமல் மூன்று சின்ன ஓட்டுத் துண்டுகள்மேல் வையுங்கள், இல்லையென்றால் கொழுப்பு கருகிய வாடை கறியில் ஏறும்.

சமையல் முடிந்ததும் கீழ்வாசலையும் மேல்வாயையும் அடைத்தால் தீ தானே அணையும். மிச்சக் கரி அடுத்த முறைக்கு ஆகும். அடைக்கும் முன் தோலோடு சீனிக்கிழங்கு நாலு போட்டு வைத்தால் அந்தச் சூட்டிலேயே வெந்துவிடும். தண்ணீர் ஊற்றி அணைத்தால் பீங்கான் வெடிக்கும்.

மழையில்

ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு என்று இந்த எல்லைப் பக்கம் இரண்டு பருவமழையும் நனைத்துவிட்டுத்தான் போகும். பூச்சில்லாத உட்பீங்கான் ஈரத்தை உறிஞ்சும். நனைந்த அடுப்பை நேரே 300க்கு ஏற்றினால் உள்ளே அடைபட்ட நீர் ஆவியாகி விரிசல் விடும். முதலில் 100 டிகிரியில் முக்கால் மணி நேரம் உலரவிடுங்கள். சும்மா கிடக்கும் வாரங்களில் உறையை மாட்டி, கீழ்வாசலை ஒரு விரல் திறந்து வையுங்கள். இறுக்கி அடைத்து வைத்தால் பூஞ்சை பிடிக்கும். பிடித்துவிட்டால் பழைய கரியை அள்ளி வெளியே போட்டு, புதுக் கரியில் 250 டிகிரிக்கு ஏற்றி ஒரு மணி நேரம் எரியவிட்டு, ஆறியதும் உலர்ந்த துடைப்பத்தால் தேயுங்கள். சோப்பு வேண்டாம்.

கடற்கரைக் காற்று வார்ப்பிரும்பு மேல்வாயைத் துருவேற்றும். தேய்த்துத் தேங்காயெண்ணெய் தடவிச் சூடேற்றினால் சரியாகும். மூடியைப் பிடிக்கும் பட்டையின் திருகாணிகள் முதல் சில சமையலில் தளரும். முறுக்காமல் விட்டால் திறக்கும்போது மூடி பட்டையிலிருந்து நழுவி விழுந்துவிடும்.

ஓரத்து நார் கருகித் தேய்ந்து, மூடியைச் சுற்றிப் புகை கசியத் தொடங்கினால் மாற்றும் நேரம். பழையதைச் சுரண்டி, பசை துளியும் இல்லாமல் ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிட்டு, புதிய நாரை இழுக்காமல் ஒட்டுங்கள். இழுத்து ஒட்டினால் சூட்டில் சுருங்கி இடைவெளி விடும். மூடியை மூடி ஒரு நாள் முழுக்க அப்படியே விட்ட பிறகுதான் தீ.