சபையில் கிட்டார் வாசிக்கக் கூப்பிட்டிருக்கிறார்களா?

யூடியூபைப் பார்த்து நாலு கார்டு கற்றுக்கொண்டு, "தம்பி, இந்த ஞாயிறு நீ வாசிக்கிறியாப்பா" என்று பாஸ்டர் கேட்டதும் தலையை ஆட்டிவிட்டு வந்தவர்களுக்காக எழுதுகிறேன். ஆராதனையில் பாடுவது எதிரே உட்கார்ந்திருக்கும் சபை, உங்கள் கிட்டார் அவர்களுக்குத்தான் பக்கவாத்தியம். ஸ்கேல், தாளம், சத்தம் என்று எதில் குழப்பம் வந்தாலும் அவர்களுக்குப் பாட வருகிறதா என்று பாருங்கள், பாதி முடிவு தானாக வந்துவிடும்.

முதலில் ஸ்கேல். ரெக்கார்டிங்கில் இருப்பதை அப்படியே எடுக்காதீர்கள், அது அந்தப் பாடகரின் குரலுக்கு வைத்தது. பாட்டில் ஆக உயரமான ஸ்வரம் எது என்று தேடுங்கள், பெரும்பாலும் பல்லவியில்தான் இருக்கும், அது மேல் டி-யைத் தாண்டாமல் இருந்தால் போதும். எங்காவது ஒரு இடத்தில் ஈ தொட்டால் பரவாயில்லை. உதாரணமாக பி ஸ்கேலில் உள்ள பாட்டு எஃப் ஷார்ப் வரை ஏறினால் ஜி-க்கு இறக்குங்கள், உச்சம் சரியாக டி-யில் வந்து நிற்கும். ஆண்கள் பக்கம் உதடு மட்டும் அசைகிறது, பல்லவி வந்ததும் ஆளாளுக்குக் கீழ்ஸ்தாயிக்கு இறங்குகிறார்கள் என்றால் ஸ்கேல் அதிகம் என்று அர்த்தம்.

ஜி-யில் வாசித்தால் உங்களுக்கும் லாபம். மோதிர விரலை இரண்டாவது கம்பியின் மூன்றாவது ஃபிரெட்டிலும் சுண்டு விரலை முதல் கம்பியின் மூன்றாவது ஃபிரெட்டிலும் வைத்துவிட்டு அவற்றை எடுக்கவே எடுக்காதீர்கள். மற்ற இரண்டு விரல்களை மட்டும் நகர்த்தி ஜி, சி ஆட் 9, ஈ மைனர் 7, டி சஸ் 4 என்று நான்கும் வாசித்துவிடலாம். இப்போதைய ஆராதனைப் பாட்டுகளில் கேட்கிறோமே, கார்டு மாறினாலும் மேலே ஒரே ஓசை தொடர்ந்து நிற்பது, அது பல இடங்களில் இப்படித்தான் வருகிறது. கம்பிகளை எல்லாம் சேர்த்து அழுத்தும் கிளிப்பான கேப்போவை 2-ஆவது ஃபிரெட்டில் போட்டு இதே விரல் வடிவத்தை வாசித்தால் ஏ, 3-இல் பி ஃபிளாட், 4-இல் பி. விரல் எனக்கு ஒத்துழைக்காது என்று புலம்புகிறவர்கள் ஃபில் கேகியின் வீடியோ ஏதாவது ஒன்றைப் பாருங்கள். கிறிஸ்தவ இசையில் பெரிய கிட்டாரிஸ்ட், சிறுவயது விபத்தில் வலது கை நடுவிரலில் பாதியை இழந்தவர்.

கீபோர்டு அண்ணனிடம் "என்ன ஸ்கேல்" என்று மட்டும் கேட்டு விட்டுவிடாதீர்கள். நம்மூர் சபைகளில் பலர் ஸ்கேலைத் தானாக ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸ் பட்டனைப் போட்டுவிட்டு எல்லாப் பாட்டையும் சி-யிலேயே வாசிப்பார்கள், கேட்டால் "சி" என்பார், ஸ்பீக்கரில் வருவதோ டி. "டிரான்ஸ்போஸ் எத்தனை அண்ணே?" என்றும் சேர்த்துக் கேளுங்கள். பிளஸ் 2 என்றால் கேப்போ 2 போட்டு சி கார்டுகளை வாசியுங்கள். மைனஸ் 1 என்றால் வருவது பி ஸ்கேல், கேப்போ 4 போட்டு ஜி வடிவத்தை வாசியுங்கள்.

தாளத்தில் அதிகம் தடுமாற வைப்பது 6/8, அதாவது ஒரு சுற்றுக்கு ஒன்று முதல் ஆறு வரை எண்ணுவது. வேகமான துதிப் பாடல்கள் பல இதில்தான் இருக்கும். ஒன்றில் பேஸ் கம்பி மட்டும், மூன்றில் லேசாக மேலே, நான்கில் முழு ஸ்ட்ரம், ஆறில் மறுபடி லேசாக மேலே. இரண்டிலும் ஐந்திலும் கை சும்மா இருக்கட்டும். கீபோர்டில் ரிதம் ஓடுகிறது என்றால் அதன் டிரம்மோடு உங்கள் ஒன்றும் நான்கும் சேர்ந்து விழவேண்டும், அவ்வளவுதான்.

கீர்த்தனைகள் பாடும் சபை என்றால் வேறு கணக்கு, எனக்குப் பிடித்த பகுதியும் இதுதான். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) காலத்துப் பாடல்கள் கார்டுகளை நினைத்து எழுதியவை இல்லை, ராகத்தில் எழுதியவை. பாட்டின் தலைப்புக்குக் கீழே ராகமும் தாளமும் பெரும்பாலும் அச்சிட்டிருக்கும், பாட்டைத் தொடங்குமுன் அதைப் படியுங்கள். சங்கராபரணம் என்றால் கவலையே இல்லை, அது மேஜர் ஸ்கேல்தான். மாயாமாளவகௌளை வந்தால்தான் வழக்கமான மூன்று கார்டு காலை வாரும். ஈ-யை ஸட்ஜமமாக (ஸ) வைத்துக்கொண்டால் ஸ்வரங்கள் ஈ, எஃப், ஜி ஷார்ப், ஏ, பி, சி, டி ஷார்ப். இதற்குள் ஈ மேஜர், எஃப் மேஜர், ஏ மைனர் மூன்றும் அழகாக உட்காரும், ஸ்பெயின் நாட்டு ஃபிளமெங்கோவில் கேட்கும் அதே கார்டுகள். பழக்கத்தில் கை பி 7-க்குப் போகும், விடாதீர்கள், அதிலுள்ள எஃப் ஷார்ப் இந்த ராகத்தில் கிடையாது, போட்டால் பாடும் பாட்டிகளுக்கு உடனே தெரிந்துவிடும். எதுவும் பொருந்தாத ராகமா, பஞ்சமம் (ப) இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு ஸட்ஜமத்தையும் பஞ்சமத்தையும் மட்டும் தம்பூரா மாதிரி மீட்டிக்கொண்டிருங்கள், குறைந்துபோகாது.

எலக்ட்ரிக் கிட்டார்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. 60-களின் கடைசியில் கலிஃபோர்னியாவின் 'இயேசு இயக்க' இளைஞர்கள் ராக் இசையை விசுவாசப் பாடல்களுக்குள் கொண்டு வந்தார்கள், 1969-இல் லாரி நார்மன் முழு ஆல்பமே போட்டார். இன்றைக்கு எல்லோரும் தேடும் அந்த எதிரொலிக்கும் டிலே சத்தம் யூ2 ராக் குழுவின் கிட்டாரிஸ்ட் எட்ஜ் வாசிப்பிலிருந்து வந்தது. அதற்கு 45,000-ஐப் பாட்டின் பிபிஎம்-ஆல் (நிமிடத்துக்கு எத்தனை தட்டு) வகுத்து, வரும் எண்ணை டிலே நேரமாக மில்லி செகண்டில் வையுங்கள். 72 பிபிஎம் என்றால் 625. ஆனால் உங்கள் ஆலயம் வெறும் சிமெண்ட் சுவரும் ஷீட் கூரையுமாக இருந்தால் எதிரொலி இலவசமாகவே கிடைக்கிறது, கூடத்து முழக்கத்தைச் சேர்க்கும் ரிவெர்பை அணைத்துவிட்டு டிலேயின் சத்தத்தையும் பாதியாகக் குறையுங்கள். இல்லாவிட்டால் வார்த்தை ஒன்றும் புரியாது, வார்த்தை புரியாத ஆராதனையில் கிட்டார் எவ்வளவு இனிமையாக இருந்து என்ன பயன்?

"ஆவியானவர் நடத்துவார், எதற்கு ரிகர்சல்" என்று சிலர் சொல்வார்கள். சனிக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம் உட்கார்ந்ததால் ஆவியானவர் கோபித்துக்கொண்டதாக எனக்குத் தெரியவில்லை. அந்த ஒரு மணியில் கார்டுகளோடு பாட்டின் வரிகளையும் மனப்பாடம் செய்துவிடுங்கள், ஏனென்றால் பாஸ்டர் எந்த நேரத்திலும் இரண்டாவது சரணத்துக்குத் திரும்புவார், நாலாவது தடவையாகப் பல்லவியைப் பிடிப்பார், காகிதத்தைப் புரட்டிக்கொண்டிருக்க நேரம் இருக்காது. வரி தெரிந்தால்தான் பாவ அறிக்கை வரும் இடத்தில் ஸ்ட்ரம்மிங்கை விட்டுவிட்டு விரலால் வாசிக்கவும் தோன்றும்.

பாட்டு முடிந்து ஜெபம் ஆரம்பித்ததும் பலர் கைவரிசையைக் காட்டத் தொடங்குவார்கள். வேண்டாம். ஒரு சுற்றுக்கு இரண்டே கார்டு, மெதுவான பிளக்கிங், மெலடி கூடாது. ஜெபிக்கிறவர் குரலை உயர்த்தினாலும் நீங்கள் உயர்த்த வேண்டாம். "இயேசுவின் நாமத்தில்" என்று கேட்டதும் மூல கார்டுக்கு (ஜி ஸ்கேல் என்றால் ஜி) வந்துவிடுங்கள், "ஆமென்" வரும்போது வால்யூம் இறங்கியிருக்கட்டும், கம்பி அதிராமல் உள்ளங்கையை வைத்துவிட்டு அப்புறம் கேபிளைக் கழற்றுங்கள்.